படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதும் முன்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருந்து அரசாங்க வேலைக்கும், போலீசுக்கும், இராணுவத்துக்கும், பாதுகாவலர் வேலைக்கும் மனுப் போடுகிற தம்பி தங்கைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற அண்ணன் அக்காமார்களுக்கும்,



நான் ஜாசின் பக்கத்துக்காரன். அரசாங்க இலாகா ஒன்றில் பணியாளர் பிரிவுக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்புகளைப் புரட்டியே வயதானவன் என்பதால், உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டத்தில் சொன்னால் யார் காதிலும் விழுவதில்லை. எழுத்தில் வைக்கிறேன்.

நம்மிடம் ஒரு புத்திமதி வழிவழியாக வருகிறது. “அதை எழுதாதடா. யாரு பாக்கப் போறா? வேலை கிடைச்சப்புறம் பாத்துக்கலாம் லா.” மாமா சொல்வார், கோயில் கமிட்டிக்காரர் சொல்வார், அரசாங்க வேலையில் ஏற்கெனவே இருக்கிற சித்தப்பாவே சொல்வார். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். பிள்ளை எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் இந்தப் புத்திமதியைப் போல நம் பிள்ளைகளின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டது வேறொன்றும் இல்லை.

பாதுகாப்புச் சோதனை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாயில் ‘தாப்பிசான் கெசெலாமாத்தான்’ என்பார்கள். பிரதமர் துறையின் கீழ் இருக்கும் அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம், சுருக்கமாக சிஜிஎஸ்ஓ, இதைக் கவனிக்கிறது. இப்போது இ-வெட்டிங் என்ற இணைய வழியில் விவரங்களைக் கேட்கிறார்கள். அரசாங்க இரகசியங்களுக்கு நாலு படி உண்டு: தெர்ஹாட், சூலிட், ரஹ்சியா, ரஹ்சியா பெசார். எந்தப் படிக் கோப்பு உங்கள் கைக்கு வரும் என்பதைப் பொறுத்துச் சோதனையும் மேலோட்டமாகவோ ஆழமாகவோ இருக்கும். பெற்றோர், உடன்பிறந்தோர், படிப்பு, முன்பு பார்த்த வேலை, வழக்கு என்று கேள்விகள் போகும். பெரிய அதிகாரிகளுக்குத்தான் இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாக்கப்பட்ட பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட இடங்களையும் பற்றியே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குள் குத்தகை வேலைக்குப் போகிற வெல்டருக்கும் கேள்வி உண்டு, கேட்டில் நிற்கிற ஜாகாவுக்கும் கேள்வி உண்டு. சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தெரெண்டாக் இராணுவ முகாமும் இருக்கிற மாநிலம் நம்முடையது.

சரி, இதில் கடன் எங்கே வந்தது? என் கடன், என் தலைவலி, அரசாங்கத்துக்கு என்ன என்று கேட்பீர்கள்.

டில்லியில் 1985 ஜனவரியில் ஒரு வழக்கு வெடித்தது. கூமர் நாராயண் என்ற வணிகத் தரகர், இந்தியப் பிரதமர் அலுவலகத்துக்குள்ளிருந்தே இரகசியக் கோப்புகளை வெளியே எடுத்து, நகல் எடுத்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். கோப்பைத் தூக்கிக் கொடுத்தவர்கள் மந்திரிகளோ தளபதிகளோ அல்ல. அலுவலகத்தின் கீழ்த்தட்டு ஊழியர்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி கொஞ்சம் பணமும் மது பாட்டிலும். பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்த பி. சி. அலெக்சாண்டர் பதவி விலக நேர்ந்தது. நாராயண் 2000-இல் இறந்தார். மற்றவர்களுக்குத் தீர்ப்பு வந்தது 2002-இல். அதே 1985-இல், வாஷிங்டனில், சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் கடன் நெருக்கடி தாங்காமல் சோவியத் தூதரகத்துக்குள் தானே நடந்து போய்த் தன்னை விற்றுக்கொண்டார். 1994-இல்தான் பிடித்தார்கள். கடன்காரன் எல்லோரும் துரோகி என்று எந்த அரசாங்கமும் நினைக்கவில்லை. கழுத்து நெரிபடுகிறவனை விலைக்கு வாங்குவது சுலபம் என்பதை மட்டும் எல்லா அரசாங்கங்களும் அனுபவத்தில் கற்றிருக்கின்றன. சாலைத் தடுப்பில் நிற்கிற காவலருக்கு ஆலோங் என்னும் லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம் கடன் இருந்தால், அந்த ஆலோங்கின் கார் அங்கே வரும்போது என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். இந்த இடத்தை அவசரப்படாமல் படியுங்கள்.

அரசாங்க ஊழியர்களின் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் 1993 என்று ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்ததும் ‘அக்கு ஜன்ஜி’ கடிதத்தில் கையெழுத்துப் போடுவீர்களே, அதை முக்கால்வாசிப் பேர் படிப்பதில்லை. இந்த விதிகளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையெழுத்து. இந்த விதிகளில் 13-ஆவது கடனைப் பற்றியது. ஊழியர் தம்மைக் கடுமையான கடன் நிலைக்கு ஆளாக்கிக்கொள்ளக் கூடாது என்று தொடங்குகிறது. கடுமையான கடன் என்றால் என்ன என்றும் சொல்கிறது. பிணையில்லாத கடன்கள் மாதச் சம்பளத்தின் குறிப்பிட்ட மடங்கைத் தாண்டுவது, நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனைக் கட்டாமல் இருப்பது, திவாலாவது எல்லாம் அதில் அடங்கும். இதுவரை பயமுறுத்தல்தான்.

ஆனால் அந்த விதி அங்கே நிற்கவில்லை. கடன் கைமீறிப் போகிறது, போகப் போகிறது என்று தெரிந்த உடனே இலாகாத் தலைவரிடம் ஊழியரே தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருந்தாலும், தாமதித்தாலும், பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தாலும், பொய்க் கணக்குக் கொடுத்தாலும் அது கட்டொழுங்கு மீறல்; கடன் வந்த காரணம் எதுவாக இருந்தாலும் சரி. இன்னொரு வரியும் இருக்கிறது. தவிர்க்க முடியாத துரதிருஷ்டத்தால் வந்த கடன் என்றால் அரசாங்கம் அந்த ஊழியருக்கு உதவி செய்யலாம். அப்பாவுக்கு ஆபரேஷன், அதனால் கடன் என்று தானாக வந்து சொன்னவருக்கு விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அதே கடனை மறைத்தவருக்கு, அப்பாவின் ஆபரேஷன் கூடத் துணைக்கு வராது.

இது உள்ளே போனவர்களுக்கான விதி, மனுப் போடுகிறவனுக்கு இல்லையே என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அரசாங்க வேலையில் முதலில் ஒன்று முதல் மூன்று ஆண்டு தகுதிகாண் காலம். பாதுகாப்புச் சோதனையும் பதவி உறுதிப்பாடும் பலருக்கு அந்தச் சமயத்தில்தான் வருகின்றன. மனுவில் மறைத்த கடன் அங்கே வந்து உட்காரும். வந்த இடத்தில் இரண்டு குற்றம்: ஒன்று கடன், மற்றொன்று மறைத்தது. முதலாவதற்குச் சமாதானம் சொல்ல முடியும்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே அளவுகோல்தான். அங்கே பாதுகாப்பு அனுமதிக்கு 13 வழிகாட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதில் கடன் ஒன்று, நேர்மை வேறொன்று. வேலை போனது, மருத்துவச் செலவு, விவாகரத்து என்று கைமீறி வந்த கடனாக இருந்து, அதை அடைக்க முயற்சி நடந்தால் சாதகமாகப் பார்க்கலாம் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. வேண்டுமென்றே மறைத்தால் தனி வழிகாட்டியின் கீழ் விசாரணை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம் பையன்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வேலை அனுமதிச் சீட்டுக்கான மனுவில் பொய் விவரம் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது’ என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது.

நம் கடன் எப்படி வருகிறது என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்துக் கடையில் 555 புத்தகத்தில் பற்று எழுதிச் சம்பளத்தன்று கழித்த காலம் ஒன்று. அந்தக் கடனுக்கு முகம் இருந்தது. கடைக்காரருக்கு நம் தாத்தாவைத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீட்டை விட்டு மலிவு விலை வீடுகளுக்கு வந்த பிறகு, கடன் பல ரூபம் எடுத்துவிட்டது. சடங்குக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. பையன் எஸ்பிஎம் முடித்து முதல் சம்பளம் வாங்கியதும் ஒய்15 மோட்டார் தவணை. பிடிபிடிஎன் படிப்புக் கடன். மச்சான் காருக்கு ஜாமீன் கையெழுத்து. தெருவில் அக்காமார் சேர்ந்து போடுகிற கூட்டு என்ற சீட்டு வேறு. கூட்டு நடத்துவதையே 1971-இல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

இவற்றில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு பையனுக்கு அவசரமாக ஆயிரம் ரிங்கிட் வேண்டும். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்கு, பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுதான் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி. ஆலோங்குக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவன் கேட்பது ஐசி நகலும் ஏடிஎம் கார்டும் அதன் ரகசிய எண்ணும். சம்பளம் ஏறியதும் அவனே எடுத்துக்கொள்வான். பையன் கடனை அடைத்தும் விடுகிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார்டு திரும்ப வரவில்லை. ‘அது பழைய கணக்கு, போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறான். அந்தக் கணக்கு வழியாக, எங்கோ ஒரு பென்ஷன் ஆசிரியையிடம் போனில் ஏமாற்றிய பணம் வந்து போகிறது. புகார் போகிறது. போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டினால் புகார் இருப்பது தெரிகிறது. கணக்கு யார் பேரில்? பையன் பேரில். இப்படிக் கணக்கை அடுத்தவன் கையில் விடுவதற்கென்றே 2024-இல் தண்டனைச் சட்டத்தில் புதுப் பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். ஆயிரம் ரிங்கிட் கடன் போலீஸ் கோப்பாக மாறுவது இந்த வழியில்தான். அதற்கப்புறம் அவன் போலீஸ் வேலைக்கு மனுப் போடுகிறான்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் சொல்கிறார், “அதை எழுதாதடா.”

எழுதாமல் விட்டால் தெரியாதா? ஐசி எண்ணில் பன்னிரண்டு இலக்கம். வங்கிக் கடன் அத்தனையும் அந்த எண்ணின் பேரில் பேங்க் நெகாராவின் கடன் பதிவேடான சிசிஆர்ஐஎஸ்ஸில் இருக்கிறது. ஜாமீன் போட்டதும் சேர்த்து. வழக்கு, திவால் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கிற சிடிஓஎஸ் போன்ற நிறுவனங்கள் உண்டு. திவாலா என்பதை இன்சால்வென்சி இலாகாவில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்க முடியும். மறைக்கிற காலம் மலையேறிவிட்டது.

பொய் எது, பொய் அல்லாதது எது என்றும் குழப்பம் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் முனியம்மா, ஐசியில் முனியமா என்று ஓர் எழுத்து மாறியிருப்பது பொய் அல்ல. அந்தக் காலத்துத் தோட்டக் கிராணிகளின் கைவண்ணம். (என் கிராணி இனத்தைக் குறை சொல்கிறேன், மன்னியுங்கள்.) தேசியப் பதிவு இலாகாவில் கேட்டுச் சரி செய்யுங்கள், அல்லது மனுவிலேயே சொல்லிவிடுங்கள். முன்பு பார்த்த தொழிற்சாலையில் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்பதால் அந்த வேலையையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவது பொய். பதினெட்டு வயதில் அடிதடியில் உள்ளே போய், வழக்கு நிற்காமல் வெளியே வந்ததை, ‘கைது செய்யப்பட்டீர்களா’ என்று கேட்கிற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதும் பொய். தண்டனை பெற்றீர்களா என்று கேட்டால் ‘இல்லை’ என்பது உண்மை. கேள்வியைப் படியுங்கள், கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். எஸ்பிஎம் சான்றிதழில் கை வைப்பது இந்தக் கணக்கிலேயே சேராது. அது நேராகத் தண்டனைச் சட்டத்தின் 471-ஆவது பிரிவு.

டில்லி போலீசில் எழுத்தர் பிரிவு வேலைக்கு 1999-இல் மனுப் போட்ட சந்தீப் குமார் என்ற இளைஞர், பழைய அடிதடி வழக்கை மனுவில் சொல்லவில்லை. அது சமரசமாகி விடுதலையான வழக்கு. வேலை மறுக்கப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-இல், வாலிபத்தில் செய்த சிறு பிழையைப் பொறுக்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார். நல்ல தீர்ப்பு, எனக்கும் பிடித்த தீர்ப்பு. ஆனால் இடையில் போனது பன்னிரண்டு ஆண்டு. முதல் மனுவில் நாலு வரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க இனி வழியில்லை.

“பெரியவங்க பொய் சொன்னா ஒண்ணும் ஆகலையே?” என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். 2019 பிப்ரவரியில் துணை வெளியுறவு அமைச்சராக இருந்த மர்சுக்கி யாஹ்யாவின் கேம்பிரிட்ஜ் பட்டம் பற்றிப் பேச்சு எழுந்தது. அது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் அல்ல, ‘கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் யூனிவர்சிட்டி’ என்று பிறகு ஒப்புக்கொண்டார். அதற்காகப் பதவி போகவில்லை. தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் நியாயமான பதில் இல்லை. அவர்களுக்கு இருக்கிற மெத்தை நமக்கு இல்லை என்பது மட்டும் தெரியும்.

இன்னொரு பேச்சையும் தவிர்க்காமல் பேசிவிடலாம். ‘டுக்காசித்தா டிமக்லும்கான்’ (வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்) என்று தொடங்கும் கடிதம் வந்ததும் நம் வீட்டில் வருகிற முதல் வார்த்தை, “நாம இந்தியன், அதான் கிடைக்கல.” இது வெறும் புலம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். 2017 ஏப்ரலில் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டமே, அரசாங்கச் சேவையில் இந்தியர் 7 விழுக்காடு ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தது. குறைவாக இருந்ததால்தானே இலக்கு. காரணம் சொல்லாமல் நிராகரிப்பது இந்தச் சந்தேகத்தை வளர்க்கிறது என்று அதிகாரிகளிடமும் சொல்வேன். கடன், வழக்கு, விவரத் தவறு, இதில் எது என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஒன்று. தட்டிக் கழிக்கக் காரணம் தேடுகிறவன் இருக்கிறான் என்று நாமே நம்பும்போது, அவன் கையில் நல்ல காரணமாக ஒன்றை எழுதிக் கொடுப்பது என்ன புத்தி?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் அவன் பேரில் மோட்டார், போன், கடன் என்று எடுக்காதீர்கள். உங்கள் பேர் கெட்டுப்போனதால் பிள்ளையின் பேரில் எடுக்கிறீர்கள். பிறகு அவன் பேரும் கெடுகிறது. ஜாமீன் விஷயத்தில் 2017-இல் ஒரு நல்லது நடந்தது. படிப்பு, சொந்த வாகனம், வீடு ஆகியவற்றுக்குக் கைம்மாறு இல்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று சட்டம் மாறியது. அதே திருத்தத்தில் திவால் வரம்பு 30,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ஆனது. இப்போது ஒரு லட்சம். ஆனால் திவாலாக்க முடியாது என்றால் கடனே இல்லை என்று அர்த்தமில்லை. ஜாமீன் பதிவில் இருக்கும். வங்கி வசூலுக்கு வரும்.

மனுப் போடும் முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. இ-சிசிஆர்ஐஎஸ்ஸில் பதிந்துகொண்டு உங்கள் அறிக்கையை எடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு மாதத்துத் தவணைக் கணக்கு அதில் வரும். பாக்கி விழுந்திருந்தால் பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே-வுக்குப் போங்கள். மலாக்காவிலேயே கிளை இருக்கிறது. ஆலோசனை இலவசம், தவணையை மாற்றி அமைத்துக் கொடுப்பார்கள். ஆலோங் கடன் என்றால் வெட்கப்படாமல் போலீசில் புகார் எழுதி வைத்து, ஏடிஎம் கார்டை வங்கியில் சொல்லி நிறுத்துங்கள். அந்தப் புகாரின் நகல் ஒரு நாள் உங்களைக் காப்பாற்றும். பிடிபிடிஎன் பாக்கிக்குத் தவணை பேசிக் கட்டத் தொடங்குங்கள். மாதம் ஐம்பது ரிங்கிட் கட்டிய ரசீது, கட்டுவேன் என்று நேர்முகத்தில் சொல்கிற ஆயிரம் வாக்குறுதியை விடக் கனம்.

பிறகு, கேட்கிற இடத்தில் எழுதுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். ‘2022-இல் தந்தையின் சிகிச்சைக்காகத் தனிநபர் கடன் 12,000 ரிங்கிட். இடையில் நாலு தவணை தவறியது. ஏகேபிகே மூலம் மாதம் 250 கட்டி வருகிறேன். இன்று பாக்கி 7,500. ரசீதுகள் இணைப்பில்.’ இவ்வளவுதான். அழுகையும் வேண்டாம், ஆண்டவன் பேரும் வேண்டாம். இப்படி எழுதினால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. கிடைக்காமலும் போகலாம், குறிப்பாகத் திவால் நிலையில் இருந்தால் கடினம்தான். ஆனால் அடுத்த முறை மனுப் போடும்போது உங்கள் பேரில் கடன் மட்டும்தான் இருக்கும், பொய் இருக்காது. கடன் குறையும்.

கடைசியாகப் படிவம் நிரப்பித் தருகிற அண்ணன் அக்காமார்களுக்கு. உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். இரவு பதினோரு மணிக்கு இணையம் இழுத்துக்கொண்டு நிற்கும்போதும் யாரோ வீட்டுப் பிள்ளைக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் மாநிலமே திரள்கிறது. அன்னதானப் பந்தல் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். பிள்ளைகளின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை அங்கேயே எடுத்து, மலாயில் இருக்கிற கேள்விகளைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். ஏகேபிகே-காரர்களையும் கூப்பிடுங்கள், வருவார்கள். படிவத்தின் அடியில் இருக்கிற உறுதிமொழியைப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்க வைத்த பிறகே ‘ஹந்தார்’ என்ற அனுப்பும் பொத்தானை அழுத்த விடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ‘எழுதாதே’ என்று மட்டும் இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கிராணி
ஜாசின், மலாக்கா